நிற்காத பொம்மையும் ஸ்டெல்லா டீச்சரும்

போன வாரம் பால் வாங்கக் கிளம்பும் நேரத்தில் அந்தோணியின் அழைப்பு வந்தது. ஸ்டெல்லா டீச்சரின் தம்பி அவர். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். "சார், அக்கா போயிட்டாங்க" என்றார். பால் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். பிறகு அவரே, "பொம்மைய உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க. தப்பித்தவறி நிக்க வச்சுறப் போறாருன்னும் சொன்னாங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டேன்.

அந்தப் பொம்மையின் கதை உங்களில் பலருக்குத் தெரியாது. ஒரே பள்ளியில் டீச்சர் வரலாறு எடுத்தார், நான் அறிவியல் எடுத்தேன். ஓய்வுக்குப் பிறகு அவர் செவ்வாய்ப்பேட்டை வீட்டில் பொம்மைகளோடு வாழ்ந்தார். கிறிஸ்துமஸ் வந்தால் அவர் வீட்டுக் குடிலில் தொழுவத்துக்கு வெளியே பெரிய வரிசை நிற்கும். கொண்டப்பள்ளிப் பொம்மை, சன்னபட்டணத்துப் பொம்மை, தலையாட்டும் தஞ்சாவூர்க்காரர் எல்லாரும் பாலகனைப் பார்க்கக் காத்திருப்பார்கள். ஊர் தெரிந்த பொம்மைக்குத்தான் அங்கே இடம். "கைக்குழந்தையப் பாக்க வர்றவங்க எந்த ஊருன்னு சொல்லிட்டுத்தான் உள்ள வரணும் சார்" என்பார்.

அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது ஒரு பொம்மை. முழங்கை நீளம், மரத்தில் செதுக்கியது, தரையைப் பார்க்கும் கண்ணாடிக் கண்கள். நெற்றியில் யாரோ வைத்த பொட்டு, மூக்கில் வரைந்த மூக்குத்தி, உடம்போடு சேர்த்துத் தைத்துவிட்ட கட்டம் போட்ட பாவாடை சட்டை. ஒரு கை முன்னே நீண்டிருக்கும். ஒரு கால் பின்னால் மடங்கியிருக்கும். எப்படி வைத்தாலும் குப்புற விழும். டீச்சருடன் நான் காயலான் கடைக்குப் போயிருந்தபோதுதான் அது கிடைத்தது.

"கப்பல்ல வந்த சாமான் டீச்சர்" என்றார் கடைக்கார பாய்.

"எந்தக் கப்பல் பாய்?"

"கப்பல் பேரெல்லாம் கேட்டா நான் எப்படி வியாபாரம் பண்றது?"

அன்றிலிருந்து எங்களுக்குத் தூக்கம் போயிற்று. கைபேசியில் படம் எடுத்துத் தேடினால் ஒரு நாள் ஜெர்மனி என்றது, மறுநாள் பர்மா என்றது, ஒருமுறை பிஸ்கட் டப்பாவைக் காட்டியது. கொலு வைக்கும் பக்கத்து வீட்டம்மாள் பார்த்துவிட்டு, மரப்பாச்சிக்குத் தூரத்துச் சொந்தம் என்றார். அந்தோணி முதுகுப் பக்கத் தையலைக் கொஞ்சம் பிரித்து எட்டிப் பார்த்தார். உள்ளே மரத்தில் நீளவாக்கில் இரண்டு பொளிகள், உளியால் வெட்டிய பள்ளங்கள். "சாவி குடுத்தா நடக்கற பொம்மை அக்கா. ஸ்பிரிங்கு போயிருச்சு."

"எதுக்குடா ரெண்டு சாவி?"

"ஒண்ணு ஸ்டெப்னி."

என் பங்குக்கு நான் ஈர்ப்பு மையத்தைப் படம் வரைந்து விளக்கினேன். அடிப்பீடம் உடைந்து போயிருப்பதால் விழுகிறது என்று நிரூபித்து, மரக்கடையில் ஒரு பீடமும் செய்து வாங்கி வந்தேன். பொம்மை பீடத்தோடு விழுந்தது. "உங்க விளக்கம் நல்லா இருக்கு சார். பொம்மைக்குத்தான் புரியல" என்றார் டீச்சர்.

பிறகு அவர் நோயில் படுத்தார். மருத்துவர்கள் சொன்னதை என்னிடம் மறைக்கவில்லை. "அடுத்த வருஷக் குடில நான் கட்டப் போறதில்ல. இந்தக் கிறிஸ்துமஸுக்குள்ள இதுக்கு ஒரு ஊரு கண்டுபிடிச்சாகணும். வெளியவே நிறுத்திட்டுப் போக மனசு வரல" என்றார். பொம்மை அவர் தலைமாட்டு மேசையில் கிடந்தது.

டிசம்பரில் ஒரு மாலை, அந்தோணி குடிலுக்கு வைக்கோல் கொண்டுவந்திருந்தார். மேசையில் கஞ்சி வைக்க இடம் வேண்டி நான் பொம்மையை இடுப்பில் பிடித்துத் தூக்கினேன். அது முகம் கீழே பார்க்க, கட்டிலுக்கு மேலாக வந்தது.

"சார், அப்படியே புடிங்க! அசைக்காதீங்க!"

"ஏனுங்க டீச்சர்?"

"அது என்னைப் பாக்குது."

குனிந்து பார்த்தேன். தரையைப் பார்த்து வெட்கப்படுவதாக நாங்கள் நினைத்திருந்த கண்கள், படுத்திருந்தவரின் கண்களுக்குள் நேராகப் பார்த்தன. நீண்ட கை அவரை நோக்கி வந்தது. மடங்கிய கால் நடக்கவில்லை, காற்றில் மிதந்தது.

"டேய் அந்தோணி, தையல முழுசாப் பிரிடா!" அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ, எழுந்தே உட்கார்ந்துவிட்டார். பிரித்தால், தோளுக்கு ஒன்றாக இரண்டு பொளிகள்; நடுவே ஒடிந்துபோன ஒரு கம்பிக் கொக்கி. பொளிகள் இறக்கைகளுக்கு, கொக்கி தொங்கவிட.

"சம்மனசு சார்! தொழுவத்துக்கு மேல பறக்கற சம்மனசு!" என்று கைதட்டினார். வானதூதரை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். "வருஷா வருஷம் குடில் கட்டறவ நானு. சம்மனசு வந்து நிக்குது, எந்த ஊருன்னு கேட்டு வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கேன் பாருங்க!"

"வந்து எங்க நின்னுச்சு? உழுந்துக்கிட்டே இல்ல கெடந்துச்சு!" என்றேன். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாளே அந்தோணி லாரிக்கு அடிக்கும் அலுமினியத் தகட்டில் இரண்டு இறக்கைகள் வெட்டி வந்தார். பொட்டை அழிக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும் சார். வளந்த வூட்டு அடையாளம்" என்றார் டீச்சர். அந்தக் கிறிஸ்துமஸில் பொட்டும் மூக்குத்தியும் வைத்த சம்மனசு, வரிசையில் நின்ற எல்லாருடைய தலைக்கும் மேலே தொங்கியது.

எந்த நாட்டுத் தச்சர் செதுக்கினார், எந்த வீட்டுப் பெண் பாவாடை தைத்தாள் என்பது இன்றுவரை தெரியாது. "எந்த ஊருன்னே கேட்டுக்கிட்டிருந்தோம் சார். என்ன வேலை பாத்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல" என்றார் டீச்சர். வகுப்புக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தால் எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்துக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிடுவோமே, அப்படித்தான்.

பொம்மை இப்போது நான் குடியேறியிருக்கும் வேலூரில், என் சாய்வு நாற்காலிக்கு மேலே தொங்குகிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, எந்த ஊர்ப் பொம்மை என்று கேட்கிறார்கள். நாற்காலியைக் காட்டி, "முதல்ல இதுல சாயுங்க, அது உங்களைப் பாக்கட்டும்" என்கிறேன்.