கிணற்றில் இறங்கிய பட்டுநூல்

சாயக்கார வீட்டுக் கனகம் அக்காவுக்கு வாந்திபேதி என்று காலையில் சொன்னார்கள். நான் எங்கள் வீட்டு ராட்டையில் இரண்டாவது பட்டுநூல் சிட்டத்தைச் சுற்றி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அம்மா வந்து வாசலில் நின்றாள். நான்கு மாதமாகிறது. அவருடைய சிரிப்பைப் பற்றி நம் கையெழுத்துப் பத்திரிகையில் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் அவர் வீட்டுக் கிணற்றைப் பற்றி எழுதுகிறேன்.

மதராஸிலிருந்து ஜரிகை சுற்றி வந்த ஒரு பத்திரிகைத் தாளை அக்கா தன் வீட்டில், நான் நூல் சுற்றிக் கொடுக்கும் ராட்டைக்கு எதிரே சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அதில் கிரகங்களைப் பற்றி எழுதியிருந்தது. புதனில் ஒரு பாதி எப்போதும் பகல், மறுபாதி எப்போதும் இரவு என்று போட்டிருந்தது. "எங்க வீட்டுக்காரருக்கு ஏத்த ஊருடீ. விளக்குக்கு எண்ணெயே வேணாம்" என்பார் அக்கா. செவ்வாயிலும் நம்மைப்போல் கோடையும் குளிரும் மாறி மாறி வருகின்றன. முனைகளில் பனி வளர்ந்து தேய்கிறது. மழை மட்டும் இல்லை.

"ஏன்க்கா அங்க மழையில்ல?"

"மேல போன தண்ணிக்குத் திரும்பி இறங்க வழி தெரியல போல. நம்ம பூமி அப்படியில்லமா. கடல்ல இருந்து போறது, பாலாத்துக்கு வந்துதான் ஆவணும்."

போன மழைக்காலத்தில் பாலாற்றுக்கு எதுவும் வரவில்லை. பட்டை அலசிச் சாயம் ஏற்ற நல்ல தண்ணீர் வேண்டும். கிணறு வற்றினால் ஆரணியில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கே போய்விடலாம் என்று அவர் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா பட்டு இழைகளை முறுக்கிக் கயிறாக்கி, சாணுக்கு ஒரு முடிச்சிட்டு, நுனியில் கூழாங்கல் கட்டினார். அளவுக்கு என் கையைத்தான் விரித்து வைத்தார். தினமும் காலையில் கல் தண்ணீரைத் தொடும்போது கிணற்று விளிம்பில் எந்த முடிச்சு நிற்கிறது என்று பார்ப்பார். வாரத்துக்கு ஒரு முடிச்சாகக் கூடி வந்தது நாற்பதில் நின்றது. மாசி முழுவதும் நாற்பதுதான்.

"இன்னாம்மா இது, வாளிக் கயிறு எட்டலைன்றேன், நீ நூலைக் காட்டறே" என்றார் கணவர்.

"நனைஞ்ச கயிறு சுருங்கும், உங்க மூஞ்சி மாதிரி. பட்டு பொய் சொல்லாதுங்க. தண்ணி நின்னுடுச்சு. இனிமே ஏறும்."

அவரும் சிரித்துவிட்டார். ஆரணிக்கு வரவில்லை என்று மறுநாளே அண்ணனுக்குச் சொல்லியனுப்பினார்.

அதே வாரத்தில் ஒரு நாள் அக்கா உள்ளே போயிருந்தபோது, ஆணியில் ஈரமாகத் தொங்கிய அந்த நூலில் சும்மா என் கையை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முடிச்சும் என் சாணைவிட அரை விரல் தள்ளி நின்றது. கல்லின் பாரத்தில் ஈரப்பட்டு தினமும் நீண்டுகொண்டே இருந்திருக்கிறது. நாற்பது முடிச்சுக்கு ஏறக்குறைய ஒரு முழம். தண்ணீர் நிற்கவில்லை, இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அக்கா திரும்பி வந்தார். பின்னாலேயே அவர் கணவரும் மாமியாரும் வந்தார்கள். ஆரணிக்குப் போக வேண்டாம் என்ற சந்தோஷம் மூவர் முகத்திலும் இருந்தது. "இன்னாடீ, கிணத்துக்குத் திருஷ்டி போடறியா?" என்றார் அக்கா. பெரியவர்கள் இருக்கும் இடத்தில் நான் வாய் திறந்ததில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ராட்டையில் உட்கார்ந்தேன். மறுநாளும் அப்படியே உட்கார்ந்தேன்.

பங்குனியில் கிணற்றில் சேறு தெரிந்தது. நாளைக்கு ஊறும் என்று நம்பி அதைச் சுரண்டி, துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். சித்திரையில் அக்கா போய்விட்டார்.

ஆவணியில் மழை கொட்டியது. அக்கா சொன்னபடி தண்ணீர் திரும்பி வந்தது. அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. கணவரும் மாமியாரும் ஆரணியில் இருக்கிறார்கள். கிணறு முக்கால்வாசி நிறைந்திருக்கிறது, இறைக்க ஆளில்லை.

நூலையும் தாளையும் அவர் துணிகளோடு சேர்த்து எரித்துவிட்டார்கள். அவரோடு சேர்ந்ததென்று என்னிடம் இருப்பது, அவருக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்ட பேச்சு ஒன்றுதான்: "அக்கா, நூல் நீண்டுபோச்சு. நீங்க ஆரணிக்குப் போயிடுங்க."