மூன்று கரண்டி சுரைக்காய்ச் சாறு

அறுபத்தொன்பதாம் வருடம், ஆடி மாத மழை. அந்தமானில், போர்ட் பிளேரை அடுத்த புரோத்ராபூரில் ஒரு தகரக் கூரை வீட்டில் குடியிருந்தோம். என் கணவருக்கு டவுனில் அரசாங்க உத்தியோகம். எங்கள் மகனுக்கு அப்போது மூன்று வயது.

மலேரியாக் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தான். காய்ச்சல் போய்விட்டது, ஆனால் பிள்ளை பாதியாகிவிட்டான். சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் ஊரிலிருந்து கப்பலில் அனுப்பிய பத்திரிகைக் கட்டில், பச்சைக் காய்கறிச் சாறுகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். நான் பள்ளியிறுதி வரை படித்தவள். அச்சில் இருந்தால் எனக்கு அது வேதம்.

தினமும் காலையில் கேரட்டையோ பீட்ரூட்டையோ துருவி, வெள்ளை மல் துணியில் வைத்துப் பிழிந்து, இரண்டு சொட்டுத் தேன் விட்டுக் கொடுத்தேன். ஒருநாள் பப்பாளி, ஒருநாள் அன்னாசி. பதினைந்தே நாளில் பலன் தெரிந்தது. மலச்சிக்கல் போயிற்று. தானாகவே "அம்மா, மம்மு" என்று கேட்டான். பக்கத்து வீட்டு வாத்துகளைத் துரத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தான். அந்தச் சாறுகள் நல்லது செய்தன என்பதை இன்றும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

பிறகு கடல் கெட்டுப்போனது. மெட்ராஸ் கப்பல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. அபர்டீன் பஜாரில் கேரட் என்ற பேச்சே இல்லை. மழையில் பப்பாளி மரமும் சாய்ந்துவிட்டது. ஒரே ஒருநாள் சாற்றை நிறுத்தினால்கூடப் பிள்ளை மறுபடி படுக்கையில் விழுந்துவிடுவான் என்று எனக்கு ஒரு பயம். நான் அப்படித்தான். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன்.

பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு சுரைக்கொடி தானாக முளைத்து வேலியில் ஏறியிருந்தது. அதில் கைக்குழந்தை போல ஒரு பிஞ்சுச் சுரைக்காய் தொங்கியது. சுரைக்காய்ச் சாறு உடம்புக்குக் குளிர்ச்சி என்று கட்டுரையிலும் இருந்தது. கடவுளாகப் பார்த்துக் கொடுத்தார் என்று அறுத்து வந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சமைக்கும்போது ருசி பார்க்கும் வழக்கம் கிடையாது. வாயில் வைத்தால் எச்சில். உப்பு, புளி எல்லாம் கைப்பழக்கத்தில், வாசனையில் தெரிய வேண்டும். அது எனக்குப் பெருமையும்கூட.

பக்கத்து வீட்டில் ஒரு வங்காளிக் குடும்பம். அந்த வீட்டு அம்மாளை நான் அவர்கள் பாஷையில் 'தீதி', அதாவது அக்கா, என்பேன், அவரும் என்னைத் 'தீதி' என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. அவர் வெள்ளரியோ சுரையோ எது நறுக்கினாலும், காம்புப் பக்கம் ஒரு சில்லு சீவி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியை நறுக்குவார். அதைப் பார்த்த நாளிலிருந்து அவர் வீட்டுப் பண்டம் எனக்கு இறங்கவில்லை. கிண்ணத்தில் ஏதாவது கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன். அவர் உள்ளே போனதும் வேலியோரத்தில் அவருடைய வாத்துகளுக்கே கொட்டிவிடுவேன்.

அன்று காலை கணவர் பஸ்ஸுக்குப் போன பிறகு சுரைக்காயைத் துருவிப் பிழிந்து, தேன் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். முதல் கரண்டி வாயில் பட்டதும் பிள்ளை துப்பினான். முரண்டு என்று நினைத்தேன். மறுபடி கொடுத்தேன், கரண்டியைத் தட்டிவிட்டான். "நல்லதுக்குத்தானே அம்மா கொடுக்கிறேன்" என்று அதட்டி, மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்து ஊற்றினேன். மூன்று கரண்டி உள்ளே போயிற்று. அழுத அழுகையில் நான்காவது கரண்டிக்கு எனக்கே மனம் வரவில்லை.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வாந்தி எடுத்தான். ஒன்று, இரண்டு, நிற்கவே இல்லை. கூடவே வயிற்றுப்போக்கு. ஐந்தாவது வாந்தியில் சிவப்பாக ஒரு கோடு. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரத்தம். கை கால் சில்லிட்டுப் போய்ப் பிள்ளை துவண்டு கிடந்தான்.

நான் போட்ட கூச்சலில் தீதி மாவுக் கையோடு ஓடி வந்தார். என்ன கொடுத்தீங்க என்று ஹிந்தியில் கேட்டார். நான் அடுப்படியைக் காட்டினேன். அவர் நேரே போய் மீதிச் சுரைக்காயில் ஒரு சில்லு கிள்ளி நாக்கில் வைத்தார். வைத்த வேகத்தில் துப்பினார்.

"கட்வா! ஒரே கசப்பு! ஜஹர், தீதி, இது விஷம்! ருசி பார்க்கலையா நீங்க?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. பிள்ளையைத் தன் முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு மழையில் ரோட்டுக்கு ஓடினார். மரம் ஏற்றி வந்த லாரி ஒன்றைக் கையை விரித்து மறித்தார். நான் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஏறினேன். அவ்வளவு அவசரத்திலும் அந்தச் சுரைக்காய்த் துண்டை மறக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் முதலில் நீட்டியது அந்தத் துண்டைத்தான். அதனால் காலராவா, காய்ச்சலா என்று அவர் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கவில்லை. உடனே சலைன் ஏற்றினார்கள்.

"கசப்புச் சுரைக்காய்க்கு மாற்று மருந்து கிடையாதம்மா. எவ்வளவு கொடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

"மூன்று கரண்டி."

"ஒரு டம்ளர் போயிருந்தால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது."

வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். தீதி அந்தத் துண்டை என்னிடம் நீட்டி, நாக்கு நுனியில் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். கொயினா மாத்திரையை மென்றதுபோல் ஒரு கசப்பு காது வரைக்கும் ஏறியது. கசக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை துப்பியும் தட்டியும் இதைத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறான். இதையா மூக்கைப் பிடித்து ஊற்றினேன்? எவ்வளவு துப்பியும் அந்தக் கசப்பு போகவில்லை.

"நட்ட கொடியிலேயே சில சமயம் இப்படி ஒன்று காய்க்கும். தானா முளைச்சதைக் கேட்கவே வேண்டாம். பார்வைக்கு ஒண்ணும் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும்" என்றார் தீதி.

மத்தியானம் கணவர் ஓடி வந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நல்லதுன்னுதானே கொடுத்தே" என்று மட்டும் சொன்னார். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது. தீதியின் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த அரைகுறை ஹிந்தியில் என்னென்னவோ சொன்னேன். அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"சரி, அழாதீங்க. நான் வீட்டுக்குப் போய் உங்களுக்குக் கொஞ்சம் சோறும் பருப்பும் கொண்டு வர்றேன். இந்தத் தடவையாவது நீங்களே சாப்பிடுங்க, தீதி. என் வாத்துங்க ஏற்கெனவே ரொம்பக் கொழுத்துப் போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு எல்லாம் தெரியும். எத்தனை மாதமாகவோ தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கிண்ணம் வந்துகொண்டே இருந்திருக்கிறது. தெரிந்தும்தான் அன்று காலை மாவுக் கையோடு ஓடி வந்திருக்கிறார். நான் தலையைத் தூக்கவே இல்லை. அவர் சிரித்துக்கொண்டே மழையில் இறங்கிப் போய்விட்டார்.

அன்று அவர் கொண்டு வந்த பருப்பில் உப்பு சரியாக இருந்தது.

இப்போது மகன் பள்ளிக்கூடம் போகிறான். வீட்டில் சாறு பிழிவதை நான் விடவில்லை, அது நல்லதுதான். ஆனால் சுரையோ வெள்ளரியோ, கத்தியை வைத்ததும் முதல் சில்லு என் நாக்குக்கு. லேசாகக் கசந்தாலும் முழுக் காயும் குப்பைக்கு. பிள்ளை துப்பினால், அவனை அதட்டுவதற்கு முன்னால் கரண்டியில் மீதி இருப்பதை நான் வாயில் விட்டுப் பார்க்கிறேன். நாக்கில் ஒன்றும் கசக்காத நாட்களிலும், வேலிக்கு அந்தப் பக்கம் வாத்துகள் கத்தினால் மட்டும் அந்தக் கசப்பு ஒரு கணம் திரும்பி வந்து போகிறது.