எழுந்திருக்காத மெஷின்களும் எத்திராஜ் சாரும்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்தபோது என் வரிசையில் பன்னிரண்டு டிக்கெட்டுகள் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தன. வாடிக்கையாளர் சொல்லும் புகார் ஒவ்வொன்றையும் எங்கள் தொழிலில் டிக்கெட் என்போம். பன்னிரண்டிலும் பொறுப்பாளரின் பழைய பெயர் எத்திராஜ், புதிய பெயர் என்னுடையது. எதற்காக மாற்றினார்கள் என்று எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க சார் ஊர் சுத்தக் கிளம்பிட்டீங்க? பன்னெண்டையும் என் தலையில கட்டிட்டு நிம்மதியாத் தூங்குங்க" என்று அவர் போனுக்குச் செய்தி அனுப்பினேன்.

அரை மணி நேரம் கழித்து மேலாளர் அழைத்தார். எத்திராஜ் ஞாயிறு காலை வீட்டிலேயே மாரடைப்பில் போய்விட்டார் என்றார். வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்களே என்று டிக்கெட்டுகளை முதலில் மாற்றிவிட்டதாகவும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தது தவறுதான் என்றும் வருத்தப்பட்டார். போனை வைத்ததும் நான் முதலில் செய்தது அழுகை அல்ல. அனுப்பிய செய்தியை அழித்தேன். அவர் வீட்டில் யாராவது அதைப் படித்திருப்பார்களோ என்ற பயம் இரண்டு நாள் விடவில்லை.

நம் தமிழ்ச் சங்கத்தில் பலருக்கு அவரைத் தெரியும். ஆண்டு விழாவில் மைக் செட்டைச் சரிபார்ப்பவர், சங்கத்தின் பழைய கம்ப்யூட்டரை உதைத்தாவது ஓட வைப்பவர். அவரைப் பற்றி எழுதும்படி செயலாளர் என்னைக் கேட்டபோது, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றும் கேட்டார். அச்சில் பெயருக்குக் கீழே போடுவதற்காகத்தான் கேட்டார். அத்தை மகனுக்கும் சின்ன மாமனாருக்கும் சொல் வைத்திருக்கிற பாஷையில், பதினோரு வருடம் தினமும் பேசிய மனிதருக்கு ஒரு சொல் இல்லை. உடன் பணிபுரிந்தவர் என்று போடச் சொன்னேன். அது எங்கள் அலுவலகத்தில் நாற்பது பேருக்குப் பொருந்தும்.

எங்கள் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்ப்யூட்டருக்குள்ளே மென்பொருளாலேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட வைக்கலாம். அதற்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். அது சில நாள் எழுந்திருக்காது. ஏன் எழுந்திருக்கவில்லை என்று போனில் கேட்டுக் கண்டுபிடித்து எழுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. நான் தென்காசியிலிருந்து இந்த வேலைக்காக ஹைதராபாத் வந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போலாரத்தில் ஒரு பழைய பங்களாவின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்துகொண்டு, அங்கிருந்தே வேலை பார்க்கிறேன். எத்திராஜ் சார் இதே ஊரில் ரயில்வே ஒர்க்‌ஷாப் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. தாத்தா ஜோலார்பேட்டையிலிருந்து வந்தவர்.

முதல் வாரத்திலேயே என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன். பழைய நகரத்திலிருந்து ஒருவர் அழைத்தார். கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில் விர்ச்சுவலைசேஷன் என்ற ஒன்றை இயக்கி வைத்தால்தான் இந்த மெஷின்கள் எழும். அதை இயக்கிவிட்டீர்களா என்று கேட்டேன். "ஹவ்" என்றார். எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்கிறார் என்று நினைத்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதிலிருந்து விளக்கினேன். முடித்துவிட்டு, இப்போது இயக்கிவிட்டீர்களா என்றேன். "ஹவ், ஹவ்" என்றார் சற்று உரக்க. மறுபடி ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். இருபது நிமிடம். அந்த அழைப்பை மேற்பார்வைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர் எத்திராஜ் சார். கடைசியில் குறுக்கே வந்து தமிழில், "ஏம்மா, ஹவ்னா இங்க ஆமாம்னு அர்த்தம்மா. அந்தாளு இருபது நிமிஷமா ஆமாம் ஆமாம்னு கத்தினுகீறாரு" என்றார். பிறகு சிரித்தார் பாருங்கள், ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்த பிறகும் கேட்டது. இந்த ஊரில் நான் தமிழ் கேட்ட முதல் நாள் அதுதான்.

வெளியே இருக்கும் நிஜக் கம்ப்யூட்டரை ஆங்கிலத்தில் ஹோஸ்ட் என்றும், உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்றும் சொல்வார்கள். எத்திராஜ் சார் என்னிடம் பேசும்போது வீட்டுக்காரர், குடித்தனக்காரர் என்பார். "விருந்தாளின்னா ரெண்டு நாள்ல போயிடுவான்மா. இவன் போக மாட்டான், குடித்தனம்" என்பது அவர் விளக்கம். மெஷின் எழவில்லை என்றால் எல்லாரும் குடித்தனக்காரனைத்தான் சந்தேகிப்பார்கள். அவர் வீட்டுக்காரரிடம் போவார். விண்டோஸ் வீட்டுக்காரர் நமக்குச் சொல்லாமல் இன்னொருத்தனுக்கும் அதே அறையை வாடகைக்கு விட்டிருப்பார். அந்த இன்னொரு மென்பொருளை நிறுத்தினால் நம் மெஷின் எழும். மேக் வீட்டுக்காரர் அனுமதி கொடுத்தால்தான் கதவைத் திறப்பார், அனுமதி கேட்கும் சீட்டையோ எங்கோ உள்ளே ஒளித்து வைத்திருப்பார். லினக்ஸ் வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் புதிய பதிப்பு வந்ததும் வீட்டுப் பூட்டையே மாற்றிவிடுவார், நாம் புதுச் சாவி அடித்துக்கொள்ள வேண்டும். பயிற்சிப் புத்தகத்தில் நாற்பது பக்கம் இருப்பதை நான் இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

அவரிடம் யாரும் திரையைப் படம் எடுத்து அனுப்பித் தப்பிக்க முடியாது. திரையில் வந்த செய்தியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். "கடைசி வரி வரைக்கும் படிம்மா. நல்ல சேதியும் கெட்ட சேதியும் அங்கதான் உக்காந்துனுருக்கும்" என்பார். ஒரு மெஷினுக்காக நான் இரண்டு நாள் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவருக்குப் படித்துக் காட்டியபோது, கடைசி வரியில் டிஸ்கில் இடமில்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. அதுவரை நான் அந்த வரிக்குப் போகவே இல்லை. போனில் அவர் முறுக்கு கடிக்கிற சத்தம் கேட்டது.

குறையில்லாத மனிதர் என்று எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். தான் சொன்னது தப்பு என்று லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு முறை மேக் கம்ப்யூட்டரில் அனுமதிதான் பிரச்சினை என்று சாதித்தார். நான் பார்த்தபோது அந்த மெஷின் வேறு வகை சிப்புக்காகச் செய்யப்பட்டது, அந்தக் கம்ப்யூட்டரில் எந்தக் காலத்திலும் எழாது. அதை எல்லாரும் இருந்த கூட்டத்தில் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தால் என்னிடம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். மூன்று நாள் "குட் மார்னிங் மேடம்", "நோட்டட் மேடம்" என்றே போனது. எனக்கு அந்த மூன்று நாளும் வீட்டில் கரண்ட் போன மாதிரி இருந்தது. நாலாம் நாள் அவரே கூப்பிட்டு, "நக்கோம்மா, இங்கிலீஷ் போதும். வாய் வலிக்குது" என்றார். நக்கோ என்றால் இந்த ஊரில் வேண்டாம்.

அவர் வீட்டுக்கு நான் போனது ஒரே தடவை. அவர் இறந்த நான்காம் நாள். தார்நாகாவில் இரண்டாம் மாடி. ஹால் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவி சரளா என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆபீஸா? ஆபீஸ்ல நேத்தே எல்லாரும் வந்துட்டு போனாங்களே" என்றார். நேற்று எனக்குப் பேருந்தில் ஏறக் காலே எழவில்லை என்பதை அங்கே எப்படிச் சொல்வது? பெயரைச் சொன்னேன். "ஓ, ஹவ் மேடமா?" என்று அவர் முகத்தில் ஒரு விநாடி வெளிச்சம் வந்து போனது. அதற்குள் அவருடைய அண்ணி உள்ளே வர, சரளா அவர் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தார். பிள்ளைகள் இருவரும் தெலுங்கில் உட்காரச் சொல்லி எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன்.

துக்கம் விசாரிப்பது என்று நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. அது இறந்தவரின் வீட்டாருக்குத்தான். போலாரத்தில் என் பக்கத்து வீட்டுக்கு எத்திராஜ் என்றொருவர் இருந்ததே தெரியாது. தென்காசியில் அண்ணனிடம் சொன்னேன். "ஓ, பாவம். வயசென்ன இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, வீட்டு வரி விஷயத்துக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? காலையில் ஹெட்செட்டை மாட்டினால் எல்லாம் ஆங்கிலம். மாலையில் கழற்றினால் வீட்டில் சத்தமே இல்லை. அந்த வாரத்தில் ஒரு சொல் தமிழ் பேசாமல் இரண்டு நாள் கழிந்திருக்கிறது என்று பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உணர்ந்தேன்.

பன்னிரண்டு டிக்கெட்டுகளில் பதினொன்றை முடித்துவிட்டேன். கடைசி ஒன்றைத் தள்ளிக்கொண்டே வந்தேன். பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. அவர்களுடைய பரிசோதனைக் கருவி பழைய விண்டோஸில்தான் பேசும். அந்தப் பழைய விண்டோஸ் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கிறது. அது எழவில்லை. திறந்து பார்த்தபோது, வாடிக்கையாளர் கண்ணில் படாத குறிப்புப் பகுதியில் எத்திராஜ் சார் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். "வீட்டுக்காரர் பூட்டை மாத்திட்டார். புதுச் சாவி அடிச்சா போதும். திங்கக்கிழமை பண்ணிக்கலாம்." அப்படி எழுதினால் படிக்கக்கூடியவள் அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான்.

அங்கே ஷிப்ட் பொறுப்பில் இருந்தவர் பத்மஜா என்ற பெண். எத்திராஜ் சார் எழுதி வைத்ததற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. புதிய லினக்ஸ் பதிப்புக்கு ஏற்ப ஒரு சிறு பகுதியை மறுபடி உருவாக்கினேன். மூன்று நிமிடத்தில் பழைய விண்டோஸ் எழுந்து நின்றது. பத்மஜா சந்தோஷத்தில், எத்திராஜ் காருவிடமும் நன்றி சொல்லுங்கள் என்றார். அவர் இல்லை என்று சொன்னேன். என் குரல் அந்த இடத்தில் உடைந்துவிட்டது. பத்மஜா, "ஆயன மீ வாள்ளா அண்டி?" என்று கேட்டார். உங்கள் ஆளா, உங்களுக்கு உறவா என்று அர்த்தம்.

என் தெலுங்கு பதினோரு வருடத்தில் காய்கறிக் கடையைத் தாண்டவில்லை. ஆமாம், நம்மவர்தான் என்று சொல்ல நினைத்தேன். பெரியவர் ஆயிற்றே, மரியாதையாகச் சொல்லுவோம் என்று, "அவுனண்டி, மாவாரே" என்றேன். பத்மஜா "அய்யோ!" என்று அலறிவிட்டார். எத்தனை வருட வாழ்க்கை, இந்த நிலையிலும் வேலைக்கு வந்துவிட்டீர்களா, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில், "அன்னம் தின்னாரா அண்டி?" என்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெலுங்கில் மாவாரு என்றால் நம்மவர் இல்லை. என் கணவர்.

சரளாவுக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இதை எழுதலாமா என்றும் கேட்டேன். அந்தப் பக்கம் புரையேறுகிற மாதிரி ஒரு சிரிப்பு. "எழுதுங்க மேடம். அவர் இருந்தா தெரு பூரா சொல்லினு வந்திருப்பாரு" என்றார். இருவரும் சிரித்தோம்.

தப்பைக் கண்டுபிடித்த உடனே திருத்த வேண்டும் என்பதுதான் எங்கள் தொழில். பத்மஜாவிடம் நான் திருத்திச் சொல்லவில்லை. இல்லை, இன்னும் சாப்பிடவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் நாலு நிமிடம் எனக்கு ஆறுதல் சொன்னார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எத்திராஜ் சாருக்காக என்னிடம் துக்கம் விசாரித்தது இந்த ஊரில் அவர் ஒருவர்தான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.