கோயிலுக்கு ஒட்டிய சிவப்புத் தாள்

முருகன் பேரைச் சொல்லி ஒரு தப்பு செய்தேன். எழுதிவிட்டால் பாரம் கொஞ்சம் குறையுமா என்று பார்க்கிறேன்.

டெல்லி புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தவன் நான். சாஃப்ட்வேர் எழுதத் தெரியாது. அதை எழுதுகிற ஒரு சின்னக் கம்பெனியில் போன் எடுப்பது என் வேலை. வாங்கினவர்கள் "இது ஓடலை, அது வரலை" என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு புகாரையும் தாளில் எழுதிச் சுவரிலுள்ள போர்டில் ஒட்டுவேன். சாதாரணப் புகாருக்கு மஞ்சள் தாள். யாருக்காவது காரியமே நின்றுபோனால் சிவப்பு. சாஃப்ட்வேர் எழுதுகிற பிள்ளைகள் சிவப்பைத்தான் முதலில் எடுத்துச் செய்வார்கள். எது சிவப்பு என்று முடிவு செய்வதை டீம் லீடர் என்னிடம் விட்டிருந்தாள். மதுரைப் பெண், என் மகள் வயது. "ஆளுங்க குரலைக் கேக்கிறது நீங்கதானேண்ணா," என்பாள்.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரம் டயாலிசிஸ் சென்டர் ஒன்றிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். நோயாளிக்கு ஒதுக்கிய நேரம் மாறினால் அவருக்குப் போகிற மெசேஜ், அவர் நம்பரை மாற்றிக் கொடுத்த பிறகும் பழைய நம்பருக்கே போகிறதாம். கத்தவில்லை. "ஜல்தி பார்த்துடுங்க பையா," என்றார், இந்தியில் அண்ணா என்கிற மாதிரி. அவ்வளவுதான்.

அன்றைக்கே எங்கள் முருகன் கோயில் கமிட்டிச் செயலாளரும் கூப்பிட்டார். கோயிலை எங்கள் சாஃப்ட்வேரை வாங்க வைத்ததே நான்தான். "அர்ச்சனை ரசீதுல நட்சத்திரம் விழமாட்டேங்குது. நம்ம ஆளு நீங்க இருந்துமா இப்படி?" என்றார்.

அந்த "நம்ம ஆளு" எனக்கு இனித்தது. கோயிலுக்குச் சிவப்பு ஒட்டினேன், நர்ஸுக்கு மஞ்சள். அந்த வாரம் பிள்ளைகளில் கை ஒழிந்திருந்தவர் ஒரே ஒருவர், அவர் கோயில் வேலையை எடுத்துக்கொண்டார். டீம் லீடர் போர்டைப் பார்த்து, "கோயில் நின்னுபோச்சாண்ணா?" என்று சிரித்தாள்.

"சாமி காரியம்மா," என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நட்சத்திரத்தைப் பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்போது அது தோன்றவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் தோன்றியது.

உத்திரத்தன்று முதல் ரசீதை என் பேருக்கே போட்டுக் கொடுத்தார் செயலாளர்.

மறுநாள் காலை, பூசின விபூதியோடு சீட்டில் உட்கார்ந்தேன். அந்த நர்ஸ் கூப்பிட்டார். துவாரகாவிலிருந்து வரும் பெரியவர் ஒருவருக்கு முந்தின நாள் சாயங்கால முறை காலைக்கு மாறியிருக்கிறது. மெசேஜ் அவருக்குப் போகவில்லை. வழக்கம்போல மெட்ரோ பிடித்துச் சாயங்காலம் வந்திருக்கிறார். மெஷின் காலியில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். விடிந்ததும் மூச்சு வாங்கித் தூக்கி வந்தார்களாம்.

"இப்ப மெஷின்ல இருக்கார், பிழைச்சுக்குவார். நான் உங்ககிட்ட சொன்னேனே பையா."

டீம் லீடரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த மஞ்சள்ல என்ன இருக்குன்னு நானும் படிக்கலையே," என்றாள்.

"என்னை நம்பினதாலதானேம்மா படிக்கல."

அவள் என் மேஜையிலிருந்த சிவப்புத் தாள்களை எடுத்துத் தன் டிராயரில் வைத்துக்கொண்டாள். மெசேஜ் கோளாறை மதியத்துக்குள் சரிசெய்துவிட்டார்கள். இரண்டு மணி நேர வேலைதானாம்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெரியவருக்காக அர்ச்சனைத் தட்டு வாங்கினேன். குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டார். எனக்கு இரண்டும் தெரியவில்லை. "சாமி பேருக்கே பண்ணிடலாமா?" என்றார்.

வேண்டாம், கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதைக் கேட்க நர்ஸுக்குப் போன் செய்ய இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை.