டிரம்காரர் காதில் ஊதிய காற்று

சரக், சரக். எங்கள் தொழிலில் ஆள் தெரிவதற்கு முன் செருப்புச் சத்தம்தான் வரும். நிலை தடுமாறுகிறவர்கள் காலைத் தூக்கமாட்டார்கள், தேய்ப்பார்கள். காது ஆபரேஷனுக்கு முன்னால் உள்காதின் சமநிலையைச் சோதிக்கிற அறையில் நான் உதவியாள். வார்டில் நைட் டூட்டி முடிந்தும் தூக்கம் வராமல், இங்கே நின்று நின்றே வேலை கற்றவன். நைட் ஷிஃப்ட்காரர்களே, உங்களுக்கு இது புரியும்.

ஓட்டு இடுக்கு

அன்று வந்தவர் ஆம்பூர் டேனரியில், தோலை ஊறவைத்துச் சுழற்றும் பெரிய டிரம் ஓட்டும் சேகர். கூடவே மனைவி மேரி. காதுச் சீழ் எலும்பை அரித்துவிட்டது, ஆபரேஷன் கட்டாயம். அவர் பயம் வேறு. "அப்புறம் தலை சுத்துச்சுன்னா டிரம் கிட்டயே விடமாட்டாங்கண்ணா."

கண்ணை மூடி, நின்ற இடத்திலேயே நடக்கச் சொன்னேன். கெட்ட காதுப் பக்கம் திரும்புவார் என்று பார்த்தால், அசையவில்லை. குனிந்து பார்த்தேன். ஈரத் தரையில் பழகிய பெருவிரல், தரை ஓட்டின் இடுக்கைத் தடவித் தடவி வழி பிடித்துக்கொண்டிருந்தது! விரலுக்கு இடுக்கு கிடைக்காதபடி ஸ்பாஞ்ச் மெத்தையில் ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் மூடிய கண்ணோடு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, "கரெக்டாண்ணா?" என்றார்.

மேரி சொன்னார்: "சுவத்த இன்னாத்துக்குயா கேக்குற? அண்ணன் இந்தாண்ட நிக்கிறாரு!"

எது நல்ல காது

ஓட்டை விழுந்த காதில் தண்ணீர் விடக்கூடாது, காற்றுதான் ஊதுவோம். உள்காது வேலை செய்தால் தலை சுற்றும், கண் துடிக்கும். நல்ல காதில் குளிர்காற்று போனதும் கருவிழிகள் பக்கவாட்டில் துடிக்க, கட்டிலைக் கட்டிப்பிடித்து அலறினார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஒரு மூச்சுக் காற்றுதான், உலகமே கழன்றுவிடுகிறது.

பிறகு சீழ்க் காது. குளிர்காற்று, சூடான காற்று, இரண்டும் ஊதியாயிற்று. கண் அசையவே இல்லை. சேகருக்கோ ஒரே சந்தோஷம்.

"இதாண்ணா நல்ல காது, ஒரு பேஜாரும் பண்ணல!"

டபுள் டூட்டி

டாக்டரம்மா சோதனை முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் காதோட சமநிலை எப்பவோ போயிடுச்சு, சேகர். ஆபரேஷனால இனி அதுல போறதுக்கு ஒண்ணுமில்ல."

"அப்போ இவ்ளோ நாளா ஈரத்துல எப்டி மேடம் நின்னேன்?"

"இன்னொரு காதும் கண்ணும் காலும் சேர்ந்து பாத்துக்குதுங்க. காது ஆறினதும் பயிற்சி பண்ணிட்டு டிரம்முக்குப் போங்க. இருட்டுல மட்டும் ஜாக்கிரதை."

கண்ணுக்கும் காலுக்கும் யாரும் உத்தரவு போடவில்லை, அவருக்கே தெரியாது. மேரி குனிந்து செருப்பை அவர் காலடியில் வைத்தார்.

"லீவே போடாம ரெண்டு ஷிஃப்ட் பாத்திருக்குதே, இந்தக் காலு!"

ஊர் தூங்கும்போது நைட் டூட்டியில் உலகத்தைத் தாங்குகிறவன் நான்தான் என்றிருந்த பெருமை அத்தோடு போய்விட, ஈரத்துணியை எடுத்து ஸ்பாஞ்ச் மெத்தையை மறுபடி துடைக்க ஆரம்பித்தேன்.