உயிலுக்குச் சாட்சி போட்ட பகையாளி

எட்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

பாகப்பிரிவினையில் மதுக்கரை ரோட்டை ஒட்டிய நிலத்தை என் அண்ணன் எடுத்துக்கொண்டு, எனக்குப் பாறைக்காட்டைத் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

இன்று காலை அண்ணி போன் செய்தார். "தம்பி, கொஞ்சம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வந்துட்டுப் போங்க. அடுத்த வாரம் உங்கண்ணனுக்கு இருதய ஆபரேசனுங்க."

போனேன். அண்ணன் உயில் பதிய வந்திருந்தார். வீடு அண்ணியின் பெயருக்கு. அதை விற்றுப் பங்கு போட மகன்கள் இருவரும் துடிக்கிறார்களாம். சாட்சிக்கு நான்.

குமாஸ்தா கேட்டார். "ஏனுங்க, இவரை எத்தனை வருசமாத் தெரியுமுங்க?"

"பொறந்ததுல இருந்துங்க. எட்டு வருசமாப் பேசறதில்லீங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். "வேற ஆளே கிடைக்கலீங்களா?"

"சிநேகிதன் சாட்சி போட்டா, எனக்காகப் பொய் சொல்றான்னு பசங்க கோர்ட்டுல சொல்லிப்போடுவாங்க. இவன் எனக்காகப் பொய் சொல்லுவான்னு கோயமுத்தூர்ல ஒருத்தனும் நம்பமாட்டானுங்க."

கையெழுத்துப் போட்டேன். என் கோபத்துக்கு இப்படியொரு மரியாதை இருப்பது எனக்கே இன்றுதான் தெரிந்தது. வரும் வழியில் குடித்த காபி நன்றாக இருந்தது.

பாறைக்காட்டை நான் மறக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி நம்பகமான பகையாளி இருந்தால் எழுதுங்கள்.

நான் சந்தோசமாகத் திரும்பினேன் என்று அந்தப் பையன்களுக்குத் தெரிந்தால் சாட்சி கெட்டுவிடும். அதனால் நம் மின்னஞ்சல் குழுவுக்கு இதைப் பெயர் போடாமலே அனுப்புகிறேன்.