முன்தெரு முகவரி

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு முகவரி. எங்கள் வீடு என்று சொல்வது தப்பு. அது சென்னையில் இருக்கும் ஓர் ஆச்சியின் வீடு. முகப்பு ஒரு தெருவில் தொடங்கும். முற்றமும் அறைகளுமாகக் கட்டுக் கட்டாக நீண்டு, அடுத்த தெருவில் பின்வாசலாக முடியும். அப்பா அதைக் காவல் பார்க்கிறார். பின்கட்டில் இரண்டு அறைகளில் அப்பா, அம்மா, நான். முன்கதவு ஆச்சி குடும்பத்தார் முன்னோருக்குப் படைப்புப் போட வரும்போது மட்டும் திறக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டு.

எங்கள் தொகுதியின் அரசியலை எனக்கு அந்தப் பின்வாசலில் நின்று பார்த்துத்தான் தெரியும். வேட்பாளர்கள் திறந்த வேனில் முன்தெரு வழியாகப் போவார்கள். தெரு அகலம், வீடியோவில் நன்றாக விழும். இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போவார்கள். ஓட்டுப் போடுகிற நாங்கள் பின்தெருவில் இருந்தோம். காவல்காரர்கள், சமையலுக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள். எங்கள் தெருவுக்கு வேன் நுழையாது. கட்சிக்காரர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வருவார்கள்.

ஒரு காலத்தில் முன்தெருப் பெரியவர்கள் கைகாட்டிய பக்கமே பின்தெருவும் போட்டதாம். அவர்கள் வெளியூர்களுக்குப் போய்விட்ட பிறகு கட்சிகள் நேராக எங்கள் வாசலுக்கு வந்தன. அப்புறம் கூட்டணிக் காலம். பெரிய கட்சிகள் இந்தத் தொகுதியை அடிக்கடி கூட்டாளிக்கு எழுதிக் கொடுத்துவிடும். "நம்ம பொண்ணு வீட்டுக்காரகடா. மாப்புள எந்தூரு, என்ன பேருன்னு தாலி கட்டுற அன்னைக்குத்தான் நமக்குத் தெரியும்" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு தேர்தலில் தெரு முழுக்க ஒரு சின்னத்தை வரைந்து முடித்த மறுநாள், தொகுதி கைமாறிவிட்டது. வரைந்தவர்களே சுண்ணாம்பு அடித்து அழித்துவிட்டு, வேறு சின்னம் வரைந்தார்கள். மாநகராட்சி ஆனது, வார்டு எல்லைகள் மாறின, வீட்டு எண் பழையது புதியது என்று இரண்டானது. பாதாளச் சாக்கடைப் பேச்சு மட்டும் எல்லாத் தேர்தலுக்கும் ஒன்றுதான்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. ஆச்சிக்குப் போன் போட்டு அனுமதி கேட்காமல் அவர் வீட்டை விட்டுக் கிளம்புகிற நாள் அது ஒன்றுதான். விடியக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சாவிக்கொத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வரிசையில் முதல் ஆளாகப் போய் நிற்பார். யாருக்குப் போட்டார் என்று அம்மாவுக்கும் தெரியாது. எங்கள் தெருவில் கட்சிக்கு ஒருவராக இரண்டு ஆட்கள். ஒருவர் அப்பாவை மாமா என்பார், இன்னொருவர் அண்ணே என்பார். இருவருமே தங்கள் பட்டியலில் அப்பா பெயருக்கு நேரே டிக் போட்டு வைத்திருந்தார்கள்.

"அண்ணே, நம்ம ஓட்டு எங்கிட்டும் போயிறாதுல்ல?"

"ஆகட்டும் ஆகட்டும்" என்பார் அப்பா. அதற்கு மேல் ஒரு சொல் வராது.

இந்த ஓட்டைத்தான் நான் தொலைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எந்தத் தாள் வந்தாலும் என் கைக்கு வரும். என் சான்றிதழ், ஆதார், பேங்க் புத்தகம் எல்லாவற்றிலும் முன்தெரு முகவரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு ஆச்சி வீட்டார் யாரோ எழுதிக் கொடுத்தது. வாக்காளர் பட்டியலில் மட்டும் பின்தெரு. எல்லாத் தாளும் ஒன்றுபோல இருந்தால் நாளைக்குச் சிக்கல் வராது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பின்தெரு முகவரியை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது என்பதும் உண்மை. வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவன் நான். முன்தெருப் பெயரைச் சொன்னால் ஊரில் ஒரு மரியாதை.

பட்டியல் திருத்தம் நடந்த மாதத்தில், செல்போனிலேயே முகவரி மாற்ற விண்ணப்பித்தேன். குடும்பத் தலைவர் என்று அப்பாவுக்கு முதலில் போட்டேன். அது முடிந்ததும் அம்மாவுக்கும் எனக்கும் போடலாம் என்று விட்டுவிட்டேன்.

வாக்காளர் பட்டியலில் இரண்டு தெருவும் வேறு வேறு பாகம். முன்தெருப் பாகத்துக்கு விசாரிக்க வந்த பெண் மூன்று தடவை வந்து முன்கதவைத் தட்டியிருக்கிறார். அந்தக் கதவைத் தட்டினால் பின்கட்டில் கேட்காது. நடுவில் அத்தனை கட்டு. கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். மழை வந்து அதைக் கரைத்தது. முன்தெருவில் ஆள் இல்லை என்று எழுதப்பட்டது. இடம் மாறிவிட்டார் என்று பின்தெருப் பட்டியலிலும் அப்பா பெயரை அடித்தார்கள். வீட்டுக்குள்ளேயே இருந்த மனிதர் இரண்டு தெருவிலும் இல்லாமல் போனார்.

வாக்காளர் சீட்டு கொடுக்க வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அப்பா கையை நீட்டியபடியே நின்றார். அவரைப் பின்வாசலில் நிற்க வைத்துவிட்டு தேர்தல் அலுவலகத்துக்கு ஓடினேன். முன்கதவைத் தட்டிவிட்டுப் போன அந்தப் பெண்ணே அங்கே இருந்தார். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவர். எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும்.

"உங்கப்பாவா? ஐயோ, அந்த அண்ணனத் தெரியுமே! தெரிஞ்ச ஆளுன்னா நான் பின்னாடி வந்து பாத்திருப்பேனே. நீ ஏன் தம்பி முன்தெருவுல போட்ட? அங்க யாரு குடியிருக்கா?"

"இப்ப சேக்க முடியாதாக்கா?"

"தேதி முடிஞ்சு போச்சே. கடைசிப் பட்டியலு வந்துருச்சு. வரைவுப் பட்டியல ஒட்டுனப்ப ஒரு எட்டுப் பாத்திருக்கலாம்ல, படிச்ச புள்ள?"

பார்த்திருக்கலாம். விண்ணப்பம் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே இரண்டு கட்சிக்காரர்களும் வந்தார்கள். அண்ணே என்கிறவர் தலையில் கை வைத்தார். "போச்சே! நம்ம உறுதியான ஓட்டு ஒண்ணு போச்சே!"

மாமா என்கிறவர் விடவில்லை. "யாரு ஓட்டுய்யா ஒங்க ஓட்டு? மாமா காலங்காலமா எங்களுக்குப் போடுறவுக. சொல்லுங்க மாமா!"

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இனிமே அது எதுக்கு" என்றார்.

இருவரும் சிரித்துவிட்டு, பட்டியலில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தேர்தல் முடிகிற வரை அப்பாவை யாரும் மாமா என்றும் கூப்பிடவில்லை, அண்ணே என்றும் கூப்பிடவில்லை. வந்தால் அம்மாவைத் தேடினார்கள், என்னைத் தேடினார்கள்.

ஓட்டுக்கு முதல்நாள் நான் அப்பாவிடம் சொன்னேன்: "யாருக்குன்னு சொல்லுங்கப்பா. என் ஓட்ட ஒங்க ஓட்டா நெனச்சுப் போட்டுர்றேன்."

அப்பா வாசல் தெளிக்கக் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

"அது எப்புடிடா? ஒன் ஓட்டு ஒனக்கு."

"தப்பு எந்தப்புத்தானேப்பா."

"தப்பா இருக்கட்டும். வாயால சொல்லிட்டா அப்புறம் அது ஓட்டாடா? போ, போயி சோலியப் பாரு."

திட்டியிருக்கலாம். முன்தெரு உனக்கு எதுக்குடா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒருவேளை என் கூச்சம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

மறுநாள் நானும் அம்மாவும் போனோம். இயந்திரத்துக்கு முன்னால் நின்றபோது சின்னங்கள் வரிசையாக இருந்தன. அப்பாவின் விரல் எதன் மேல் போயிருக்கும் என்று தேடினேன். ஒரு வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் ஊகிக்க ஒரு குறிப்பும் என்னிடம் இல்லை. "தம்பி, அமுக்கிட்டு வாங்க, ஆள் நிக்கிறாக" என்று பின்னால் குரல் வந்தது. எனக்குப் பிடித்ததை அமுக்கிவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போது அம்மா மை வைத்த விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அப்பா அன்றாடம் கட்டும் கைலியோடு பின்வாசலில் நின்றிருந்தார்.

"கூட்டமா?"

"கூட்டந்தான்பா."

மதியம் அண்ணே என்கிறவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். இன்னும் போடாதவர்களை வீடு வீடாக இழுத்துப் போகிற நேரம். அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டே பட்டியலில் எங்கள் கதவு எண்ணைத் தேடி, விரலை வைத்து, என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் போட்டாச்சா தம்பி?"

"போட்டாச்சுண்ணே."

"அப்ப இந்த வீடு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.